சர்க்கரைக் கொல்லி

திண்டிவனம் என்ற பெயருக்குள் ஒரு மரம் இருக்கிறது. திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனந்தான் பேச்சில் தேய்ந்து திண்டிவனம் ஆயிற்று என்பது ஊரார் சொல்லும் விளக்கம். அங்கே கோவில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் திருநாமம். சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கும் அதற்குத் தெற்கேயும் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். தாண்டுவதோடு சரி, இறங்குவது கிடையாது. நானும் பல வருஷங்கள் அப்படித் தாண்டியவன்தான்.

ஒரு கார்த்திகை மாதம் இறங்கினேன். அங்கே பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர்தான் காரணம். "கதைக்குக் கதை காடு என்றும் கொடி என்றும் எழுதித் தள்ளுகிறீரே, எந்தக் கொடிக்கு என்ன பெயர் என்று உமக்குத் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது. என் கதாநாயகர்கள் எப்போதும் 'ஏதோ ஒரு கொடி'யை விலக்கிக்கொண்டுதான் நடப்பார்கள்.

மயிலத்துக்கு அப்பால் ஓர் ஏரிக்கரை. கரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குடிசைகள். இருளர் குடியிருப்பு. நண்பரிடம் படித்த பெண் ஒருத்தியின் பாட்டி எங்களோடு வரச் சம்மதித்தார். அறுபதா எழுபதா என்று சொல்ல முடியாத வயது. கையில் ஒரு கடப்பாறை, இடுப்பில் சுருக்குப்பை. அவ்வளவுதான் ஆயத்தம். நண்பர் "ஆயா" என்று கூப்பிட்டார்; நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைச் "சாமி" என்றார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "சரி சாமி" என்றார்.

காடு என்று சொல்லத்தக்க காடு அங்கே இல்லை. ஏரிக்கரை, அதை ஒட்டிய புறம்போக்கு, காரையும் களாவும் சூரையும் மண்டிய மேடு, அவ்வளவுதான். நான் பார்த்தது புதர். அவர் பார்த்தது வேறு. பத்து அடி நடப்பார், நிற்பார், ஒரு பெயர் சொல்வார். ஆவாரை, நொச்சி, தூதுவளை, முடக்கற்றான், பிரண்டை, கீழாநெல்லி. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே பின்னால் போனேன். ஒரு மணி நேரத்தில் முப்பது பெயர் சேர்ந்துவிட்டது.

நன்னாரி வேர் எடுத்ததை மட்டும் சொல்கிறேன். மெல்லிய கொடி, இலை நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல் ஒரு வெண்மை. கடப்பாறையால் பக்கவாட்டில் நெம்பி, வேரில் ஒரு பங்கை மாத்திரம் அறுத்தெடுத்தார். கொடியின் அடிக்கட்டையை விட்டுவிட்டார். தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளிக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். "ஏன் ஆயா, முழுசும் எடுத்தால் என்ன?" என்று கேட்டேன். "அடுத்த வருசம் நான் எங்க போவேன்?" என்றார். வேர் பிடுங்கப்பட்ட இடத்தில் நல்ல மணம் எழுந்தது. கோடையில் நாம் குடிக்கிற சர்பத்தின் மணம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த வேர் கப்பலேறிப் பிரிட்டிஷ் மருந்து நூலில் இடம் பிடித்தது என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன்.

மேட்டின் மறுபக்கம் வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"மெல்லு சாமி. துப்பிடாத."

மென்றேன். கசப்பு. ஒரு நிமிஷம் கழித்துச் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்துக் கொடுத்தார். வாயில் போட்டேன். வெல்லம் இல்லை, மண். கரைகிறது, பிசுபிசுக்கிறது, ஆனால் இனிப்பு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. என் முகத்தைப் பார்த்து ஆயா சிரித்த சிரிப்பில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலை நிமிர்ந்து பார்த்தது. அரை மணி கழித்து நெடுஞ்சாலைக் கடையில் டீ குடித்தபோதும், "சர்க்கரையே போடவில்லையே ஐயா" என்று கடைக்காரரிடம் குறை சொன்னேன். நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கொடிக்குச் சிறுகுறிஞ்சான் என்று பெயர். சர்க்கரைக் கொல்லி என்றும் சொல்வார்கள்.

ஊர் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். சிறுகுறிஞ்சான் இலையில் இனிப்பை மறைக்கும் பொருள் எது என்று ஆராய்ந்து, அதற்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயர் வைத்தவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் சென்னை சர்க்காரின் சிங்கோனாத் தோட்டங்களுக்கு ரசாயன நிபுணராக இருந்தவர். வருஷம் 1887. நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அந்தப் பொருள் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடுகிறது என்பது இன்றைய விளக்கம். ஹூப்பர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு ஆராய்ச்சி செய்யத் தோன்றுவதற்கு முன்பே யாரோ ஒருவர் அந்த இலையை மென்று, பின்னால் தேனோ பழமோ தின்று, திகைத்து, மறுபடியும் மென்று பார்த்துச் சோதித்திருக்க வேண்டும் அல்லவா? பெயரே சாட்சி சொல்கிறது. சர்க்கரைக் கொல்லி என்பது ஒரு செடியின் பெயர் மட்டுமா? ஒரு சோதனையின் முடிவும் கூட.

இதே கதையைப் பின்னோக்கிப் போய்ப் படிக்கலாம். 1690-களில் சென்னைக் கோட்டையில் சாமுவேல் பிரௌன் என்று ஓர் ஆங்கில வைத்தியர் இருந்தார். கோட்டையைச் சுற்றிலும், திருப்பதிக்குப் போகிற வழியிலும் செடிகளைச் சேகரித்து உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயரையும் குணத்தையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர் அவற்றை ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளியிட்டார். பெட்டிவர் காலமானபின் அந்தச் சேகரம் ஸர் ஹான்ஸ் ஸ்லோன் கைக்குப் போயிற்று. முந்நூறு வருஷத்துக்கு முன் நம் பக்கத்து வெயிலில் காய்ந்த இலைகள் இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று மியூஸியத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1813-இல் சென்னையில் ஒயிட்லா அயின்ஸ்லி என்ற டாக்டர் இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் அச்சிட்டார். அதிலும் தமிழ்ப் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன.

செடிக்குப் பெயர் இருக்கிறது. சேகரித்தவருக்குப் பெயர் இருக்கிறது. வெளியிட்டவருக்கும் விலைக்கு வாங்கியவருக்கும் பெயர் இருக்கிறது. சொன்னவர்கள் மட்டும் பெரும்பாலும் 'சுதேசிகள்', 'நாட்டு வைத்தியர்கள்' என்ற பொதுப் பெயரில் கரைந்து போனார்கள். அந்த வைத்தியர்களுக்கு வேர் தோண்டிக் கொண்டுவந்து கொடுத்த காட்டு ஜனங்கள் அந்தப் பொதுப் பெயருக்குள்ளும் வரவில்லை.

விதிவிலக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டச்சுக்காரர் வான் ரீடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ், 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. கேரளத்துச் செடிகளைப் பற்றிய நூல். விவரம் சொன்ன இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் உறுதிமொழியை அவர் எழுத்திலேயே அச்சுக் கட்டையாகச் செதுக்கி அதில் சேர்த்திருக்கிறார்கள். நம் காலத்தில் இன்னொன்று நடந்தது. 1987-இல் அகத்தியர் மலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைக் கடித்துக்கொண்டு களைப்பில்லாமல் மலையேறினார்கள். அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அதன் உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. உயிரியற் பன்மைச் சட்டம் 2002-இல் வந்தபோது, இப்படிப் பகிர்ந்து கொடுப்பதைச் சட்டமே சொல்லிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழங்காலத்து வெள்ளைக்கார வைத்தியர்கள்மீது ஒரு நல்ல கண்டனக் கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். குறிப்புக்காக நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முப்பது செடியின் பெயர் இருந்தது. தேதி இருந்தது. ஏரியின் பெயர் இருந்தது. டீயின் விலைகூட இருந்தது. அந்த ஆயாவின் பெயர் இல்லை. நான் கேட்கவே இல்லை.

பேனாவை மூடி வைத்தேன்.

இருளர்கள் யார் என்று முறையாகப் படித்தது அதற்குப் பிறகுதான். 1906-இல் வந்த தென்னார்க்காடு கெஜட்டியரில் செஞ்சி மலைப் பக்கத்து இருளர்களைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி உதவியோடு ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய நூலிலும் இருக்கிறது. வில்லியர் என்று இன்னொரு பெயரும் அவர்களுக்கு உண்டு. கிழங்கும் தேனும் ஈசலும், எலி வளையில் சேர்ந்திருக்கும் நெல்லும் அவர்களுடைய ஆகாரம். தாவரங்களைப் பற்றிய அறிவு அவர்களுக்கு முதலில் மருந்தாக வந்ததல்ல, பசிக்கு வந்தது. எந்தக் கிழங்கைச் சுட்டால் போதும், எதை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டவேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் உயிரோடிருக்க முடியும். மருந்து அதன் பின்னால் வந்திருக்க வேண்டும்.

அந்த அறிவு வளர்ந்த இடம் அவர்கள் கையைவிட்டுப் போனதற்கும் தேதி இருக்கிறது. 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. பாட்டன் காலத்திலிருந்து தோண்டிய வேரை, காப்புக்காடு என்று எல்லை போட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டினால் அது குற்றம் ஆயிற்று. கடுக்காய், எட்டிக்கொட்டை, தேன், நன்னாரி எல்லாம் ஏலத்துக்குப் போயின. குத்தகைதாரர் எடுத்தார், தோண்டியவர் கூலியாளானார். இதற்கு முன்னோட்டம் வடக்கே நடந்திருந்தது. இன்று ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாத் தீவை 1835-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, இருளர்களைப் போலவே காட்டை நம்பி வாழ்ந்த யானாதிகள் அங்கே இருந்தார்கள். சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரை அவர்கள் தோண்டிக் கொடுத்தார்கள். சர்க்கார் சோறும் துணியும் கொடுத்தது. 1868-இல் ஜெர்மனியில் அதே சிவப்பைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு சாயவேரைத் தேடுவார் குறைந்துவிட்டார்கள்.

சமவெளி இருளர்கள் செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், விறகு வெட்டுக்கும் போனார்கள். முன்பணம் வாங்கி, அதைத் தீர்க்க முடியாமல் குடும்பத்தோடு அங்கேயே கிடந்தவர்கள் எத்தனையோ பேர். கொத்தடிமை முறை 1976-ஆம் வருஷச் சட்டத்தில் ஒழிக்கப்பட்ட பிறகும் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமாகாது. காட்டு ஜனங்கள் சொல்கிற மருந்தெல்லாம் பலிக்கும் என்று நான் எழுத மாட்டேன். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளிலும் தெரிந்தது. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கியிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்ததாகச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சிறுகுறிஞ்சானுக்கும் 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 27 பேரிடம் சோதித்து நல்ல பலன் சொன்னார்கள். அதற்காக இன்சுலினை நிறுத்திவிட்டு இலையை மெல்லலாம் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

பாம்புக்கடியைப் பற்றி ஆயாவிடம் அன்றைக்கே கேட்டிருந்தேன். "வேர் உண்டுதான் சாமி. எங்க மாமனார் குடுப்பாரு. நல்ல பாம்பு கடிச்சா இப்ப நாங்களே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடறோம்" என்றார். அந்த ஆஸ்பத்திரி ஊசிக்குப் பின்னாலும் இருளர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது, அதை நம்பியிருந்த செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் பிழைப்பற்றுப் போனார்கள். ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யப் பயன்படும் விஷத்தில் மிகப் பெரும் பகுதி அவர்கள் கையால் எடுத்தது. வேர் காப்பாற்ற முடியாத உயிரை அந்தக் கைகள் வேறு வழியில் காப்பாற்றுகின்றன. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் ஒன்றும் 1986 முதல் மூலிகைத் தோட்டம், மருந்து, நாற்று என்று நடத்தி வருகிறது. பெயரோடு, தலை நிமிர்ந்து.

மறுபடியும் ஏரிக்கரைக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக. ஆயா திண்ணையில் உட்கார்ந்து முறம் கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பேசியபின், "ஆயா, அன்றைக்கு உங்கள் பெயரைக் கேட்காமல் போய்விட்டேன்" என்றேன்.

கை நின்றது. "எதுக்கு சாமி?"

அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. அந்தக் குடியிருப்புக்கு வந்து பெயர் கேட்டவர்கள் யார்? எங்கேயோ களவு போனால், முதலில் இருளர் குடிசைக்கு வந்து பெயர் கேட்டிருக்கிறார்கள். முன்பணம் கொடுத்தவர் கணக்கு நோட்டுக்குக் கேட்டிருக்கிறார். செடியின் பெயரைக் கேட்டால் சிரித்துக்கொண்டு சொன்னவர், தன் பெயரைக் கேட்டதும் பயந்தார்.

அப்போது உள்ளேயிருந்து பேத்தி வந்தாள். நண்பரிடம் படித்த பெண். பன்னிரண்டாவது தேறி, கல்லூரியில் சேர வேண்டும். அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைக் கொடுக்கவேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவள் தகப்பனிடமும் சான்றிதழ் இல்லை, பாட்டனிடமும் இல்லை. ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறாள். மூன்றாவது தடவை ஒருவர், "நீ இருளர் என்பதற்கு என்ன அத்தாட்சி? பாம்பு பிடிப்பாயா? நாலு மூலிகை பெயர் சொல் பார்க்கலாம்" என்றாராம்.

"என்ன சொன்னாய்?"

"எனக்கு நாலுதான் தெரியும் சார். ஆயாவுக்குத்தான் எல்லாம் தெரியும். நான் ஆஸ்டலில் தங்கிப் படிச்சேன்" என்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னாள்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. முந்நூறு வருஷமாக இந்த ஜனங்களிடம் செடியின் பெயரை வாங்கிக்கொண்டு, சொன்னவர் பெயரைக் கேட்காமல் போனோம். காட்டை எல்லை போட்டு மூடினோம். படித்தால் முன்னேறலாம் என்றோம். படித்து வந்த பெண்ணிடம், காட்டை மறந்துவிட்டாயே, நீ எப்படிக் காட்டுக்காரி என்று கேட்கிறோம். பாட்டியின் அறிவைப் பேத்திக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிட்டு, அதையே பேத்தியிடம் அத்தாட்சியாகக் கேட்பது என்ன நியாயம்?

இந்திய சர்க்கார் இருளர்களை மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஆறு கூட்டம். 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். எண்ணும்போது இருளர் என்று எண்ணியாயிற்று. அதையே ஒரு பெண்ணுக்குத் தனியாக எழுதிக் கொடுப்பதில் இத்தனை தயக்கம் எதற்கு? திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பேராசிரியராக இருந்த கல்விமணி போன்றவர்கள் பல வருஷமாக இந்தச் சான்றிதழுக்காகவும், மனைக்காகவும், பொய்வழக்குகளை எதிர்த்தும் நடையாய் நடந்திருக்கிறார்கள். நண்பர் அந்தப் பெண்ணை அங்கே அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

புறப்படும்போது ஆயா கரைவரைக்கும் கூட வந்தார். வேலியோரம் நின்று, சிறுகுறிஞ்சான் இலை இரண்டைக் கிள்ளினார். "இன்னொருக்கா மெல்லுறியா சாமி?" என்று சிரித்தார். வேண்டாம் என்றேன். பிறகு அவராகவே, மெதுவாக, தன் பெயரைச் சொன்னார்.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், முப்பது செடிகளுக்கும் மேலே, எழுதிக்கொண்டேன். இங்கே அதை எழுதவில்லை. அவர் அச்சில் போடச் சொல்லிச் சொல்லவில்லை. அதோடு, அந்தப் பெயர் முதலில் எழுதப்பட வேண்டிய காகிதம் வேறு ஒன்று இருக்கிறது. பேத்தியின் விண்ணப்பத்தோடு அது இன்னும் அந்த அலுவலகத்தில் கிடக்கிறது.